லைம் நோய்: முதல் வார ரிசல்ட்டை எப்படி வாசிப்பது?

வாசகர் கேள்விகள் – மருத்துவர் குழு பதில்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் லைம் நோயைப் பற்றியவை. அதிலும் ‘டெஸ்ட் எடுத்தோம், ஒன்றும் புரியவில்லை’ என்ற ரகமே அதிகம். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே. புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்ற சுருள் வடிவ பாக்டீரியா, இக்ஸோடிஸ் வகை உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் ஏறுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கு, மேல் மத்திய மேற்கு மாநிலங்கள், கனடாவின் தென்பகுதிகள், ஐரோப்பாவின் காட்டோரப் பகுதிகள் ஆகியவற்றில் இது அதிகம். 1970களின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது. நோயின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது.

கேள்வி: தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் தடிப்பு. ஆறாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’. ஆனாலும் டாக்டர் 10 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிவிட்டார். நோய் இல்லை என்று டெஸ்டே சொல்லும்போது மாத்திரை எதற்கு?

டாக்டர் செய்ததுதான் சரி. பார்க்கப்போனால் அந்த டெஸ்டே வேண்டியிருக்கவில்லை.

உண்ணி கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தோன்றி, நாளுக்கு நாள் விரிந்து, 5 சென்டிமீட்டரைத் தாண்டும் செம்படர், லைம் நோயின் கையெழுத்து. நோய் கண்டவர்களில் 70, 80 சதவீதம் பேருக்கு இது வருகிறது. நடுவில் வெளுத்து, அம்பு எய்யும் ‘இலக்குப் பலகை’ போல வளையமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பார்க்கப்படும் படர்களில் பெரும்பாலானவை ஒரே சீரான சிவப்புதான். கடித்த ஓரிரு நாளுக்குள் தோன்றி, சிறிதாகவே இருந்து, தானாக அடங்குவது வெறும் கடி ஒவ்வாமை. சந்தேகமானால் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் விரிகிறது என்று பொருள்.

இனி கணக்கு. நோய் பரவலாக உள்ள பகுதியில் இப்படிப்பட்ட படருடன் 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 900 பேருக்கு உண்மையிலேயே லைம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நாட்களில் வழக்கமான ஆன்டிபாடி பரிசோதனை, நோயுள்ள நூறு பேரில் 30 முதல் 40 பேரைத்தான் பிடிக்கும். தாராளமாக 40 என்றே எடுத்தாலும் 360 பேர் ‘பாசிட்டிவ்’, 540 பேர் ‘நெகட்டிவ்’. நோயில்லாத 100 பேரில் 99 பேர் சரியாக ‘நெகட்டிவ்’. ஆக ‘நெகட்டிவ்’ சீட்டு வாங்கிய 639 பேரில் 540 பேருக்கு நோய் இருக்கிறது! நூற்றுக்கு 85 பேர். அந்தச் சீட்டை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமெரிக்கத் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர் சங்கங்கள் 2020இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், தெளிவான படர் இருந்தால் டெஸ்டுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 10 நாள். உங்கள் சீட்டில் இருப்பதும் அதுதான்.

கேள்வி: கிருமி உள்ளே நுழைந்த பிறகும் டெஸ்டில் ஏன் சிக்குவதில்லை? (மருத்துவ மாணவி)

டெஸ்ட் தேடுவது கிருமியை இல்லை. கிருமிக்கு எதிராக உங்கள் உடல் தயாரித்த ஆன்டிபாடியை. அது தயாராக நாள் பிடிக்கும். முதலில் எழும் ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.எம். தலைகாட்ட இரண்டு வாரம் போல, பின்னால் வந்து நீடிக்கும் வகையான ஐ.ஜி.ஜி. நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம். படரோ சராசரியாக ஏழாம் நாளே வந்துவிடுகிறது. நோயாளி வருவதற்கும் ஆன்டிபாடி வருவதற்கும் நடுவே விழும் இந்த ஓட்டைதான் ஆரம்ப நிலைப் பரிசோதனையின் மொத்தப் பிரச்சினையும்.

கிருமியின் தந்திரமும் சேர்ந்துகொள்கிறது. உண்ணியின் குடலில் இருக்கும்போது ஓ.எஸ்.பி.ஏ. என்ற புரதத்தை மேலே போர்த்தியிருக்கும். உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கியதும் அதைக் களைந்து ஓ.எஸ்.பி.சி.க்கு மாறும். மனித உடலுக்குள் வந்தபின் வி.எல்.எஸ்.ஈ. என்ற இன்னொரு புரதத்தின் சில பகுதிகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பல பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரட்டிக்க, இதற்கு எட்டு, பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். தோலிலேயே மெதுவாக ஊர்ந்துகொண்டு, ரத்தத்துக்குள் அவ்வப்போது மட்டும் எட்டிப் பார்க்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் தாமதமாக விழித்துக்கொள்வதில் வியப்பில்லை.

கேள்வி: ‘இரண்டு கட்டப் பரிசோதனை’ என்கிறார்களே, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம்?

1994இல் மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் நடந்த மாநாட்டில் முடிவான முறை இது. முதலில் எலைசா, அதாவது குழிகள் கொண்ட தட்டில் ஆன்டிபாடியை அளக்கும் சோதனை. அது பாசிட்டிவாகவோ இரண்டுங்கெட்டானாகவோ இருந்தால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட். இது கிருமியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, எவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று பட்டைகளாகக் காட்டும்; பட்டையின் எண் அந்தப் புரதத்தின் எடை. ஐ.ஜி.எம். என்றால் 23/24, 39, 41 என்ற மூன்று பட்டைகளில் இரண்டு தெரிய வேண்டும், ஐ.ஜி.ஜி. என்றால் பத்தில் ஐந்து. எலைசாவைத் தாண்டி நேராக பிளாட்டுக்குப் போகக் கூடாது. 41 என்பது கிருமியின் வாலிழைப் புரதம்; அதைப் போன்ற புரதம் வேறு பல பாக்டீரியாவிலும் உண்டு. லைம் நோயே வராத நல்ல ஆரோக்கியசாலிக்கும் அந்த ஒரு பட்டை தெரியலாம்.

பிளாட்டின் பலவீனம் கண். மங்கலான ஒரு கோட்டை ஒருவர் பட்டை என்பார், மற்றவர் இல்லை என்பார். ஆரம்ப வாரங்களில் கோடுகள் எல்லாமே மங்கல்தான். அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஜூலையில் திருத்திய முறையை அனுமதித்தது. இதில் பிளாட் கிடையாது. அதன் இடத்தில் வேறு ஆன்டிஜன் (ஆன்டிபாடி வந்து ஒட்டும் கிருமிப் புரதம்) கொண்ட இரண்டாவது எலைசா. முதல் தட்டில் முழு பாக்டீரியாவின் சாறு என்றால், இரண்டாவதில் வி.எல்.எஸ்.ஈ., ஓ.எஸ்.பி.சி. போன்றவற்றின் குறிப்பிட்ட துண்டுகள். கிருமி மாற்றிக்கொள்ள முடியாத வி.எல்.எஸ்.ஈ. பகுதிக்கு எதிரான ஐ.ஜி.ஜி. சீக்கிரமே எழும், பிளாட்டில் ஐந்து பட்டை சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முடிவும் எண்ணாக வரும், கண்ணைக் கசக்க வேண்டாம். ஆரம்ப நோயாளிகளைப் பிடிப்பதில் முன்னேற்றம் நிச்சயம் உண்டு. தவறான பாசிட்டிவும் கூடவில்லை. ஆனாலும் முதல் வாரத்தில் இது பிடிப்பது ஏறக்குறைய பாதிப் பேரைத்தான். எந்த எலைசாவானாலும் இன்னும் உருவாகாத ஆன்டிபாடியை எப்படிக் காட்டும்?

கேள்வி: ஆய்வக நுட்பராக இருக்கிறேன். ‘இணை சீரம்’ கேட்டு வரும் மாதிரிகளில் பாதி உருப்படியாக வருவதில்லை. சரியான நடைமுறை என்ன?

மிக நல்ல கேள்வி. புதிய கருவி எதுவும் வாங்காமலே ஆரம்ப நிலைப் பரிசோதனையை மேம்படுத்தும் வழி இதுதான், அதையே எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

இணை சீரம் என்றால் ஒரே நோயாளியிடம் சில வார இடைவெளியில் எடுக்கும் இரண்டு மாதிரிகள். படர் தெளிவில்லாமல் இருக்கும்போது முதல் மாதிரி எடுக்கப்படும். அது நெகட்டிவ் என்றால் இரண்டு, மூன்று வாரம் கழித்து இரண்டாவது. நடைமுறையில் முதல் ரிசல்ட்டோடு கதை முடிந்துவிடுகிறது. நோயாளி திரும்பி வருவதில்லை. எனவே முதல் அறிக்கையிலேயே ‘இன்ன தேதி முதல் இன்ன தேதிக்குள் மறு மாதிரி தேவை’ என்று நாளைக் கணக்கிட்டு அச்சிடுங்கள். ‘தேவைப்பட்டால் மீண்டும் எடுக்கவும்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் எடுப்பதில்லை.

படிவத்தில் நான்கு விவரம் இல்லாமல் மாதிரியை வாங்காதீர்கள்: அறிகுறி தொடங்கிய நாள், உண்ணி கடித்த நாள் (தெரிந்தால்), கடி நேர்ந்த ஊர் அல்லது வட்டாரம், ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நாள். முதலாவது இல்லாமல் ஐ.ஜி.எம்.மை வாசிக்கவே முடியாது.

சாதாரண அல்லது ஜெல் குழாயில் 5 மில்லி ரத்தம். அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறையவிட்டு, பிறகு சுழற்றிப் பிரியுங்கள். அவசரப்பட்டு முன்பே சுழற்றினால் ஃபைப்ரின் இழைகள் சீரத்தில் மிதந்து பிப்பெட் நுனியை அடைக்கும், அளவு குறையும், பாசிட்டிவ் நெகட்டிவாகும். சிவந்துபோன சீரமும் பால்போல் கொழுப்பேறிய சீரமும் வேண்டாம். பிரித்த சீரத்தை இரண்டு சிறு குப்பிகளாக்குங்கள். ஒன்றில் உடனே சோதனை. அது ஓரிரு நாளுக்கு 2–8 டிகிரியில் இருக்கலாம். மற்றதை மைனஸ் 20 அல்லது அதற்கும் கீழே உறைய வையுங்கள். தானே பனி நீக்கும் ஃபிரீசர் இதற்கு ஆகாது. அதன் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது மாதிரி வந்ததும், உறைய வைத்த முதல் குப்பியை எடுத்து இரண்டையும் ஒரே தட்டில், அடுத்தடுத்த குழிகளில், ஒரே லாட் கிட்டில் ஓட்டுங்கள். மூன்று வாரத்துக்கு முன் வேறு தட்டில் வந்த எலைசா அளவு 0.7ஐ இன்று வந்த 1.3உடன் ஒப்பிட்டு ‘ஏறியிருக்கிறது’ என்று எழுதுவது பொருளற்றது. தட்டுக்குத் தட்டு அந்த அளவுக்கு வேறுபாடு இயல்பாகவே வரலாம்.

தட்டில் அடிக்கடி நடக்கும் பிழைகள்: ரீஏஜென்ட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுவது, கழுவிய பின் குழிகளில் நீர் தங்கிவிடுவது (பின்னணி ஏறும்), ஒற்றைப் பிப்பெட்டால் நிதானமாக ஊற்றி முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் பத்து நிமிட வித்தியாசம் விடுவது. இரண்டுங்கெட்டான் ரிசல்ட்டை ‘நெகட்டிவ்’ பக்கம் தள்ளிவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது. அது இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டிய மாதிரி.

மருத்துவருக்கு எழுத வேண்டிய குறிப்பு ஒன்று பாக்கி. முதல் நாட்களிலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், கிருமி அழிந்து ஆன்டிபாடி எழாமலே போகலாம். அப்படிப்பட்டவரின் இரண்டாவது மாதிரியும் நெகட்டிவாக வந்தால், ‘நோயே வரவில்லை’ என்று அதற்கு அர்த்தமில்லை.

கேள்வி: கோவிட்டுக்கு பி.சி.ஆர். எடுத்த மாதிரி இதற்கும் எடுத்தால் முதல் நாளே தெரிந்துவிடாதா?

பி.சி.ஆர். தேடுவது ஆன்டிபாடியை இல்லை, கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும். கோவிட் வைரஸ் மூக்கில் கோடிக்கணக்கில் இருக்கும். ஆரம்ப லைம் நோயாளியின் ரத்தத்தில் இந்தக் கிருமி, வளர்ப்பு ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், 10 மில்லிக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஒரு சாதாரண பி.சி.ஆர். சோதனைக்குள் போவது 0.2 மில்லி ரத்தத்தின் டி.என்.ஏ. எனவே குழாய்க்குள் ஒரு கிருமியாவது இருக்க வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. குழாயில் இல்லாததை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் பெருக்கித் தராது. அதே கணக்கில் 10 மில்லி முழுவதையும் பயன்படுத்தினால் வாய்ப்பு 63 சதவீதத்துக்கு ஏறுகிறது. வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 9 மில்லி பிளாஸ்மாவை பி.எஸ்.கே. என்ற ஊடகத்தில் வளர்த்தபோது, படர் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கிருமி கிடைத்தது. ஆனால் வளர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் சிகிச்சைக்கு அது உதவாது.

சரி, 10 மில்லியையும் பி.சி.ஆருக்குள் போட வேண்டியதுதானே? ஒவ்வொரு மில்லி ரத்தத்திலும் வெள்ளணுக்களின் டி.என்.ஏ. மட்டுமே 30 மைக்ரோகிராமுக்கு மேல். இந்த மனித டி.என்.ஏ. மூட்டைக்கடியில் ஒற்றைக் கிருமி நசுங்கிவிடும், நொதியும் திணறும். ஆகவே ஆய்வுகள் மூன்று திசையில் போகின்றன. ஒன்று, மனித அணுக்களை முதலில் நீக்கிப் பிளாஸ்மாவை மட்டும் செறிவாக்குவது. இரண்டு, கிருமியின் டி.என்.ஏ.வை மட்டும் கவ்வும் தூண்டில் துண்டுகளால் அதைத் தனியே இழுப்பது. மூன்று, டி.என்.ஏ.வை விட்டுவிட்டு, ஒரே கிருமிக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைத் தேடுவது. மூன்றாவது எங்களுக்குப் பிடித்த யோசனை. ஆனால் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும், ரத்தம் எடுத்த கணத்திலேயே பாதுகாக்கும் திரவம் கலக்காவிட்டால் வீண்.

இன்றைக்கு பி.சி.ஆர். பலன் தரும் இடங்களும் உண்டு. படரின் விரியும் விளிம்பிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தோல் பயாப்ஸி எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் பிடிபடும். மருந்து தொடங்கும் முன் எடுக்க வேண்டும். ஃபார்மலினில் போடக் கூடாது, கிருமி நீக்கிய உப்புநீரில் நனைத்து அனுப்ப வேண்டும். பழக்க தோஷத்தில் ஃபார்மலின் குப்பியில் போட்டுக் கெடுத்த பயாப்ஸிகளுக்குக் கணக்கே இல்லை. வீங்கிய முட்டியின் நீரிலும் பி.சி.ஆர். நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில்தான் செய்வதென்றால், உறையாமல் தடுக்கும் பொருள்களில் ஈ.டி.டி.ஏ. உள்ள குழாயில் எடுங்கள், ஹெப்பாரின் பி.சி.ஆரை முடக்கும்.

கேள்வி: படரே இல்லை. உண்ணி கடித்து இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், உடல்வலி. எந்த டெஸ்ட்?

இரண்டு கட்டப் பரிசோதனை இன்று ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று. கூடவே முழு ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் சோதனையும் கேளுங்கள். தட்டணுவும் வெள்ளணுவும் குறைந்திருந்தால் அதே உண்ணி கொண்டுவரும் அனபிளாஸ்மா என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். சிவப்பணு சிதைந்திருந்தால் பபீசியா என்ற ஒட்டுண்ணியை. இவற்றுக்கு ரத்தப் பி.சி.ஆர். முதல் வாரத்திலேயே நன்றாகப் பேசும். டாக்ஸிசைக்ளின் அனபிளாஸ்மாவுக்குக் கேட்கும், பபீசியாவுக்குக் கேட்காது. முதுகு, அக்குள், தலைமுடி, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களை இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘படர் இல்லை’ என்பது பல நேரம் ‘பார்க்கவில்லை’ என்பதுதான்.

கேள்வி: பிடுங்கிய உண்ணியையே டெஸ்டுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். உண்ணியில் கிருமி இருந்தால் உங்களுக்கு ஏறிவிட்டதென்று ஆகாது. இல்லையென்றால், நீங்கள் பார்க்காத இன்னோர் உண்ணி கடித்திருக்கலாம். எந்த வகை உண்ணி, ரத்தம் குடித்து உப்பியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இக்ஸோடிஸ் உண்ணி, நோய்ப் பகுதி, 36 மணி நேரமாவது ஒட்டியிருந்தது, பிடுங்கி 72 மணி ஆகவில்லை என்ற எல்லாமும் சேர்ந்தால், பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை தடுப்பாகக் கொடுப்பார்கள்.

கேள்வி: ஆறு மாதமாக அசதி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. நெகட்டிவ். ‘ஆரம்ப நிலை லைம்’ என்கிறார்கள்.

ஆறு மாதமானது எப்படி ஆரம்ப நிலையாகும்? அறிகுறி தொடங்கி 30 நாளுக்குப் பிறகு தனி ஐ.ஜி.எம். பாசிட்டிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. உண்மையான தொற்றாக இருந்தால் இந்நேரம் ஐ.ஜி.ஜி. வந்திருக்க வேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ், மூட்டுவாதக் காரணி போன்றவை ஐ.ஜி.எம்.மைப் பொய்யாக ஏற்றும். அசதி மட்டுமே உள்ள 1,000 பேரில் உண்மையில் 5 பேருக்கு லைம் என்று வைத்தால், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக விடுவிக்கும் நல்ல டெஸ்டும் 20 பேரைப் பொய்யாகப் பிடிக்கும். 25 பாசிட்டிவில் 20 தவறு. மேலே முதல் கேள்வியில் நெகட்டிவ் பொய் சொன்னது. இங்கே பாசிட்டிவ் பொய் சொல்கிறது. இரண்டிடத்திலும் டெஸ்டைவிட, கேட்டவரின் நிலைமைதான் ரிசல்ட்டுக்குப் பொருள் தருகிறது. அசதிக்கு தைராய்டு, ரத்தசோகை, தூக்கம் என்று வேறு பக்கம் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘95 சதவீதம் துல்லியம்’ என்று புதுப்புது லைம் டெஸ்டுகள் வருகின்றன. நம்பலாமா?

யாரிடம் 95 என்று முதலில் கேளுங்கள். முட்டி வீங்கிய, நோய் முற்றிய நோயாளிகளிடம் எந்தப் பழைய டெஸ்டும் 95ஐத் தாண்டும். முதல் இரண்டு வாரத்து மாதிரிகளில் தனியாக எவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்களா? ஒப்பீட்டுக் குழுவில் வெறும் ஆரோக்கியசாலிகள் மட்டுமா, அல்லது சிஃபிலிஸ், எப்ஸ்டீன்-பார், மூட்டுவாதம், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் உள்ளவர்களும் உண்டா? பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லைக்கோட்டை எந்த மாதிரிகளை வைத்துத் தீர்மானித்தார்களோ, அதே மாதிரிகளில் சோதித்துவிட்டு வெற்றி என்கிறார்களா? இந்த மூன்றிலேயே பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் நிலைவாரியாகப் பிரித்த சீரம் மாதிரிகளை ஆய்வாளர்களுக்காக வைத்திருக்கிறது. பெயர் மறைத்த அந்தத் தொகுப்பில் ஓட்டிக் காட்டியவர்களின் பேச்சுக்கு எடை அதிகம்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆரம்ப நிலை நோயாளி என்று உறுதியாகச் சொல்ல, படர் இருக்க வேண்டும். எனவே புதிய டெஸ்டுகள் படர் உள்ளவர்களிடம்தான் அளக்கப்படுகின்றன. ஆனால் டெஸ்ட் உண்மையில் தேவைப்படுவது படர் இல்லாதவர்களுக்கு! அவர்களிடம் அது எப்படி வேலை செய்யும் என்பதை, காய்ச்சலோடு வரும் எல்லோரையும் கோடையில் வரிசையாகச் சேர்த்து, மூன்று மாதம் பின்தொடர்ந்து, இணை சீரத்தோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். செலவும் பொறுமையும் கேட்கும் வேலை அது.

வரிசையில் நிற்பவற்றில், உடலின் எதிர்வினையைத் தேடுபவை கவனிக்கத்தக்கவை: கிருமிப் புரதத்தைக் கண்டதும் டி-அணுக்கள் விடும் இன்டர்ஃபெரான் காமா, வெள்ளணுக்களில் மாறும் மரபணு வெளிப்பாட்டின் தடம். இவை ஆன்டிபாடிக்கு முன்பே எழலாம். ஆனால் மற்றக் காய்ச்சல்களிலிருந்து பிரித்துக் காட்டுவதில்தான் சோதனை இருக்கிறது. அமெரிக்க சுகாதாரத் துறையும் ஸ்டீவன்–அலெக்ஸாண்ட்ரா கோஹன் அறக்கட்டளையும் சேர்ந்து 2022இல் 1 கோடி டாலர் வரை பரிசுத்தொகையுடன் ஒரு போட்டியை அறிவித்தன. தொற்று இப்போது உயிர்ப்போடு இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டைத்தான் அதில் கேட்டார்கள். சி.டி.57 (ஒருவகை வெள்ளணுவின் எண்ணிக்கை), சிறுநீர் ஆன்டிஜன், சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் காட்டுவது போன்றவற்றுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் மலையேறப் போனபோது கடித்தது. அமெரிக்காவில் டெஸ்ட் எடுத்தால் போதுமா?

லேபில் சொல்லிவிட்டு எடுங்கள். அங்கே பெரும்பாலும் பொரேலியா அஃப்செலி, காரினி என்ற இனங்கள். அமெரிக்க இனத்தை மட்டும் வைத்துச் செய்த பிளாட்டின் பட்டை விதிகள் அவற்றுக்குப் பொருந்தா. எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒரேபோல் இருக்கும் வி.எல்.எஸ்.ஈ.யின் சி6 துண்டைக் கொண்ட எலைசா உதவும்.

கேள்வி: முகவாதம் வந்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமா?

லைம் பரவும் பகுதி, கோடைக்காலம் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. அந்த நிலைக்கு வருவதற்குள் பலருக்கு ஆன்டிபாடி வந்திருக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு என்று மூளையுறை அழற்சிக்கான அறிகுறி இருந்தால் தண்டுவட நீர் தேவைப்படும். அப்படி எடுத்தால் ரத்தமும் அன்றே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால்தான், ஆன்டிபாடி மூளைப் பக்கம் உருவானதா, ரத்தத்திலிருந்து கசிந்ததா என்று தெரியும். நீரில் சி.எக்ஸ்.சி.எல்.13 என்ற புரதம் ஆன்டிபாடிக்கு முன்பே ஏறும், சிகிச்சையில் இறங்கும். மூளை சிஃபிலிஸிலும் சில லிம்ஃபோமாக்களிலும் அது ஏறுவதால் தனித்து நம்புவதில்லை.

கேள்வி: மாத்திரை முடிந்தது. குணமானதா என்று மறுபடி டெஸ்ட்?

வேண்டாம். ஆன்டிபாடி வருடக்கணக்கில் நிற்கும். படர் மறைந்ததா, காய்ச்சல் விட்டதா என்று பாருங்கள். அடுத்த கோடையில் புதிதாகப் படர் வந்தால் அது புதிய கடி. பழைய பாசிட்டிவ் சீட்டைக் காட்டி ‘எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.